ஒரிஜினலா, லோக்கலா? அலிபிரி வழியாக ஓர் ஆயில் ஃபில்டர் வரலாறு

டெட்ராய்ட் பக்கம் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களைத் தொடாமல் முடியாது. விசா, வீட்டு விலை, கார். முதல் இரண்டில் எனக்கு ஞானம் குறைவு. கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் தொழிலில் பல வருடங்களாகக் குப்பை கொட்டுவதால், மூன்றாவது விஷயம் வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதில் அடிக்கடி வரும் கேள்வி இது: "ஆயில் மாத்தும்போது டீலர் ஃபில்டர்தான் போடணுமா, கடையில கிடைக்கிறது போதுமா?"

போன மாதம் இதே கேள்வி இரண்டு திசைகளிலிருந்து ஒரே வாரத்தில் வந்தது. ஒருவர் இங்கே இருக்கும் நண்பர். ஒற்றைச் சம்பளம், இரண்டு குழந்தைகள், வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கார். "வெளி ஃபில்டர் போட்டால் வாரண்டி போய்விடும்" என்று சர்வீஸ் கவுண்டரில் யாரோ சொல்ல, மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. ஏற்கனவே இரண்டு முறை வெளியில் ஆயில் மாற்றியிருந்தார்.

இன்னொருவன் என் சித்தப்பா மகன். திருப்பதியில் வாடகைக் கார் ஓட்டுகிறான். அலிபிரியில் பயணிகளை ஏற்றித் திருமலைக்குப் போய்த் திரும்புவது பிழைப்பு. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை மலையேறி இறங்கும் வண்டி. "அண்ணா, மெக்கானிக் ஒரிஜினல் போடவா, லோக்கல் போடவான்னு கேக்குறாரு. விலை ரெண்டு மடங்கு வித்தியாசம். எது போடட்டும்?"

ஒருவருக்கு வாரண்டி பயம், இன்னொருவனுக்கு வயிற்றுப்பாடு. இரண்டு பேருக்கும் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வரியை நம்ப வேண்டுமென்றால் ஆயில் ஃபில்டர் எங்கிருந்து வந்தது, "ஒரிஜினல்" என்ற சொல் அதன் மேல் எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள்.

ஃபில்டரே இல்லாத காலம்

ஃபோர்டின் மாடல் டி 1908-ல் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்தார்கள். அத்தனை கார்களிலும் ஆயில் ஃபில்டர் என்ற பொருளே கிடையாது. அடித்தொட்டியில் இருக்கும் ஆயிலை உள்ளே சுழலும் பாகங்கள் வாரியடிக்கும். அது தெறித்த இடமெல்லாம் வழவழப்பு, அவ்வளவுதான். மண் ரோட்டுப் புழுதி, இஞ்சின் தேய்மானத்தில் வரும் இரும்புத் துகள், எரிந்து மிஞ்சும் கரி எல்லாம் அந்த ஆயிலிலேயே கலந்து கிடக்கும். அதற்கு அந்தக் காலத்து வைத்தியம் ஒன்றே ஒன்று. சில நூறு மைலுக்கு ஒரு முறை ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

1923-ல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் கார்க்காரர் இல்லை. சுரங்கத் தொழிலில் சேற்றையும் திரவத்தையும் பிரிக்கும் வடிகட்டிகள் செய்தவர். அதே யோசனையைச் சின்னதாக்கி, ஜார்ஜ் கிரீன்ஹால்ஷ் என்பவருடன் சேர்ந்து கார் இஞ்சினுக்கு ஒரு வடிகட்டி செய்தார். ஆயில் பம்பு தள்ளும் ஆயில் இதன் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற மூன்று சொற்களைச் சுருக்கி 'ப்யூரோலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே, 1924-ல், வால்டர் கிரைஸ்லர் தன் புது ஆறு சிலிண்டர் காரில் ஆயில் ஃபில்டரைச் சேர்த்தே விற்றார். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

எல்லாக் கம்பெனிகளும் உடனே பின்தொடரவில்லை. 1930-களிலும் அதற்குப் பின்னரும்கூட விலை குறைந்த கார்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் தனிக்காசு கொடுத்து வாங்கும் உபரிப் பொருள்தான். வேண்டுமென்றால் டீலரிடமோ கடையிலோ வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இந்தச் சந்தையை நம்பித்தான் 1930-களில் ஃப்ராம் கம்பெனியும், 1939-ல் வட கரோலினாவில் விக்ஸ் கம்பெனியும் பிறந்தன. ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் காரைக் கேட்கவே வேண்டாம். பல பத்தாண்டுகள் ஒரு கம்பி வலையை மட்டும் வைத்துக்கொண்டே உலகம் சுற்றி வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆயில் ஃபில்டர் கார் கம்பெனி பெற்ற பிள்ளை இல்லை. தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. வெளியாள் கண்டுபிடித்து, வெளியாள் செய்து, பாதிக்குப் பாதி வெளிக்கடையில் விற்று வளர்ந்த பொருள். "வெளி ஃபில்டர்" என்று இன்று நாம் பயந்து சொல்வதுதான் அதன் பிறந்த வீடு.

ஆரம்ப கால ஃபில்டர்கள் மொத்த ஆயிலையும் வடிகட்டவில்லை. ஒரு சின்னப் பங்கு மட்டும் ஃபில்டருக்குப் போகும், மிச்சம் நேராக பேரிங்குக்குப் போகும். பானைத் தண்ணீரில் ஒரு டம்ளரை மட்டும் வடிகட்டி மறுபடி அதே பானையில் ஊற்றுவது மாதிரி. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில்தான் முழு ஆயிலும் ஃபில்டர் வழியாகவே போகும் முறை பரவியது. 1954-ல் விக்ஸ் கம்பெனி, கையால் திருகிக் கழற்றி மாட்டும் டப்பா வடிவ ஃபில்டரைக் கொண்டுவந்தது. இன்று நமக்குத் தெரிந்த ஆயில் ஃபில்டர் அதுதான். அம்பாசிடர் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு முந்திய முறை ஞாபகம் இருக்கும். இரும்புக் கிண்ணத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே காகித எலிமெண்டை மட்டும் மாற்றி, மறுபடி போல்ட் முடுக்குவார்கள்.

1944: அடிவாரத்துக்கு மோட்டார் வந்தது

இப்போது அலிபிரிக்கு வருவோம். திருமலையின் அடிவாரம். இங்கிருந்து மேலே 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர் நடை. பெரிய திருமலை நம்பியிடம் ராமானுஜர் ராமாயணம் கேட்ட இடம் என்பது வைணவ மரபு. அங்கே இருந்த புளியமரத்தை வைத்து 'அடிப்புளி' என்று வழங்கிய தமிழ்ப் பெயர்தான் அலிபிரி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவே ஒரிஜினல் என்றால் இன்றைய பெயர் லோக்கல் :-)

ஆயிரம் வருடத்துக்கு மேல் மேலே போக ஒரே வழி கால்நடைதான். முடியாதவர்களுக்கு டோலி. 1944 ஏப்ரல் 10-ம் தேதி முதல் மலைப்பாதையை சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபரில்தான் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. தேவஸ்தானமே பேருந்துகள் ஓட்டியது. பின்னால் அந்த வேலை ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் வந்தது. இரண்டாவது பாதை 1974-ல் வந்த பிறகு புதியதில் ஏற்றம், பழையதில் இறக்கம் என்று ஒருவழியாக்கினார்கள். பழைய பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள்.

பாதை திறந்த வருடத்தைக் கவனியுங்கள். 1944 என்றால் போர்க்காலம். பெட்ரோல் ரேஷன். தென்னிந்தியாவில் பல பேருந்துகள் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடின. மதுரை டி.வி.எஸ். கம்பெனி அந்தக் கரிவாயுக் கலனைத் தானே செய்து விற்றது. பின்புறம் ஒரு பாய்லரைக் கட்டிக்கொண்டு போகும் பஸ்களைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கரிவாயுவில் சாம்பலும் தாரும் கலந்து வரும். நன்றாக வடிகட்டாவிட்டால் அது இஞ்சினுக்குள் போய் ஆயிலைக் கெடுக்கும், சிலிண்டரைத் தேய்க்கும். அதனால் அந்தக் கலன்களோடு வடிகட்டிகளும் கட்டாயம் இருந்தன. வடிகட்டினால்தான் இஞ்சின் பிழைக்கும் என்பதை நம்மூர் டிரைவர்களும் கிளீனர்களும் கரி படிந்த கையோடு கற்றுக்கொண்ட காலம் அது.

மலைப்பாதை இஞ்சினுக்கு ஏன் சோதனை என்றும் சொல்லிவிடுகிறேன். சமதரையில் போகும் கார் நாலாவது, ஐந்தாவது கியரில் சொகுசாகப் போகும். முன்னாலிருந்து காற்று வந்து குளிர்விக்கும். ஏற்றத்தில் இரண்டாவது கியர், இஞ்சின் சுற்று அதிகம், வண்டியின் வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. சூடு ஏறும். சூடு ஏறினால் ஆயில் நீர்க்கும். நீர்த்த ஆயில் படலம் மெலிந்து போகும். அந்த மெல்லிய படலத்துக்குள் ஒரு சின்னத் துகள் புகுந்தாலும் பேரிங்கில் கீறல் விழும். அதற்கு முன்னால் அலிபிரி சோதனைச் சாவடியில் இறங்கி, பெட்டிகளைக் காட்டி, மறுபடி ஏறும் வரிசை வேறு. திருப்பதி வெயிலில் நின்று நின்று நகர்ந்துவிட்டு ஏறுகிற வண்டி அது. ஒரு நாளைக்கு மூன்று தடவை இதைச் செய்யும் காருக்கும், ஃப்ரீவேயில் அலுவலகம் போய்வரும் நம் காருக்கும் ஆயில் ஒரே மாதிரி உழைக்காது. வண்டியோடு வரும் கையேட்டிலேயே கடினமான ஓட்டத்துக்கு என்று தனிக் கணக்கு போட்டிருப்பார்கள். சித்தப்பா மகனுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். எந்த ஃபில்டர் என்பதற்கு முன்னால், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று பார்.

'லோக்கல்' என்ற சொல் வந்த வழி

சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் ஓடிய கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாயில் அந்த வேலையைச் செய்தது. பாகங்களும் கப்பலில்தான் வரும். அந்த நாளில் 'ஒரிஜினல்' என்றால் சீமையிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

1950-களில் அரசு கொள்கையை மாற்றியது. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்ய ஒப்புக்கொள்பவர்களுக்குத்தான் இனி இடம் என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. இறக்குமதி இறுகியது. அம்பாசிடரும் பியட்டும் ஓட வேண்டுமே? பாகங்களை இங்கேயே செய்தாக வேண்டும். பெங்களூரில் 1951-ல் மைக்கோ தொடங்கியது. சென்னையில் செம்பியம் பக்கம் இந்தியா பிஸ்டன்ஸ். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. இவர்கள் செய்த பாகம் ஒரு பக்கம் கார் தொழிற்சாலைக்குப் போகும். இன்னொரு பக்கம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடை அலமாரிக்கும் போகும். பொருள் ஒன்று, வழி இரண்டு.

அதே காலத்தில் சின்னப் பட்டறைகளும் பெருகின. ஒரிஜினலைப் பார்த்து அதே மாதிரி செய்வார்கள். சில நன்றாக இருக்கும், சில ஒரு மழைக்குத் தாங்காது. அவற்றுக்கும் 'லோக்கல்' என்றே பெயர். மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்தது. நல்ல கம்பெனியின் டப்பாவையே அச்சடித்து உள்ளே குப்பையை வைத்து விற்கும் 'டூப்ளிகேட்' கூட்டம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் கார் வாங்கத் தொடங்கிய பின் போலிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதிகம் விற்கும் வண்டியின் அடிக்கடி மாற்றும் பாகம் எதுவோ, அதைத்தானே போலி செய்வார்கள்? ஆயில் ஃபில்டர் அந்தப் பட்டியலில் முன்வரிசை.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மெக்கானிக் "லோக்கல் போடவா?" என்று கேட்கும்போது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, கார் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரே தன் பெயரில் விற்கும் ஃபில்டர். இரண்டு, வேறொரு நல்ல ஃபில்டர் கம்பெனியின் சரக்கு. மூன்று, ஊர் பேர் தெரியாததும் போலியும். முதல் இரண்டையும் மூன்றாவதோடு ஒரே சாக்கில் கட்டிவிட்டால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயம் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பதியிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கரகம்பாடி. அமெரிக்காவில் இஞ்சினியராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய அமர ராஜா கம்பெனி அங்கே பேட்டரி செய்கிறது. 2000-ல் அமரான் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தார்கள். கார் தொழிற்சாலைக்கும் பேட்டரி கொடுக்கிறார்கள், கடையிலும் விற்கிறார்கள். கடையில் வாங்கிய அமரானை யாரும் 'லோக்கல்' என்று முகம் சுளிப்பதில்லை. செய்தவன் பெயர் மேலேயே தெரிகிறது. ஃபில்டரில் செய்தவன் பெயர் கார் கம்பெனியின் டப்பாவுக்குள் ஒளிந்துகொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டப்பாவுக்குள் யார்?

கார் கம்பெனிகள் பொதுவாக ஆயில் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. அளவும் தரமும் குறித்துக் கொடுப்பார்கள். ஃபில்டர் கம்பெனி செய்து கொடுக்கும். டொயோட்டா டப்பாவில் வரும் ஃபில்டர்களில் டென்சோ செய்தவை உண்டு. டென்சோ 1949-ல் டொயோட்டாவிலிருந்து தனியாகப் பிரிந்த கம்பெனி. அமெரிக்காவில் ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் ஃபில்டர்கள் பலவற்றைப் பல காலம் செய்து கொடுத்தது நம் பழைய நண்பர் ப்யூரோலேட்டர். 1923-ல் தொடங்கிய அதே பெயர்.

அப்படியானால் எல்லா ஃபில்டரும் ஒன்றா? இல்லவே இல்லை. வெளியே தகர டப்பா ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மடித்த காகிதமோ செயற்கை இழையோ, அது எவ்வளவு, எப்படி ஒட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம். 1988-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 40 மைக்ரான் துகளைப் பிடிக்கும் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் இஞ்சின் தேய்மானத்தை 50 சதவீதமும், 15 மைக்ரான் ஃபில்டர் 70 சதவீதமும் குறைத்ததாகச் சோதனை முடிவு. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்கே தெரியாத துகள்தான் இஞ்சினைத் தின்கிறது என்று புரியும்.

இன்னும் இரண்டு சின்ன பாகங்கள் உள்ளே உண்டு. ஒன்று பைபாஸ் வால்வு. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ இந்த வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். ஆயிலே வராமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் மேல் என்ற ஏற்பாடு. மோசமான ஃபில்டர் போட்டதும் இஞ்சின் நின்றுவிடாததற்கு இது முக்கியக் காரணம். சத்தமில்லாமல் ஓடும், சத்தமில்லாமல் தேயும். "நான் பத்து வருஷமா இதுதான் போடறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, இஞ்சினை நிறுத்தியதும் ஃபில்டரில் இருக்கும் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. இது மட்டமாக இருந்தால் காலையில் முதல் சில நொடிகள் இஞ்சின் வறட்சியில் ஓடும். 'கடகட' என்ற சத்தம் கேட்கும்.

பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். மரை பொருந்துகிறது என்பதற்காக ஒரு வண்டியின் ஃபில்டரை இன்னொன்றில் திருகக் கூடாது என்பது இதனால்தான். ஊரில் இந்தப் பழக்கம் நிறைய.

டப்பா காப்பாற்றாத ஒரு நாள்

1990-களின் கடைசியில் அக்கா பையனுக்கு மொட்டை போட வேலூரிலிருந்து ஒரு மாருதி வேனில் கிளம்பினோம். பாட்டியும் உடன் வந்தார். முந்தின நாள்தான் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றியிருந்தார்கள். ஃபில்டர் கம்பெனி டப்பா, பில்லோடு வாங்கியது. அலிபிரி தாண்டி மலையில் சில வளைவுகள் ஏறியதும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. டிரைவர் அனுபவசாலி. ஒரு நொடிகூட யோசிக்காமல் இஞ்சினை அணைத்து ஓரம் கட்டினார். கீழே பார்த்தால் வந்த வழியெல்லாம் ஆயில் கோடு.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் அதைப் பார்க்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே திருகிவிட்டார்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று. சமதரையில் தாங்கியது, ஏற்றத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் பிதுங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் பாட்டியையும் குழந்தையையும் ஏற்றி அனுப்பினோம். டிரைவர் உடனே அணைத்ததால் இஞ்சின் பிழைத்தது. இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். வளைவில் இஞ்சின் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம்.

ஒரிஜினல் டப்பா அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. காப்பாற்றியது ஒரு டிரைவரின் கண். கெடுத்தது ஒரு மெக்கானிக்கின் அவசரம். ஃபில்டர் கேள்வியில் மூன்றாவது ஆளாக மாட்டுகிறவர் இருக்கிறார் என்பதை அன்றிலிருந்து நான் மறப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி என் நண்பரின் வாரண்டி பயத்துக்கு. அமெரிக்காவில் 1975-லிருந்து மாக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பெயர் போட்ட பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை என்று உற்பத்தியாளர் நிபந்தனை போட முடியாது. போட வேண்டுமென்றால் அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும், அல்லது அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வெளி ஃபில்டரால்தான் இஞ்சின் கெட்டது என்று கம்பெனி காட்டினால் அந்தச் சேதத்துக்கு வாரண்டி மறுக்கலாம். சும்மா வாயால் சொன்னால் போதாது. 2018-ல்கூட இது சம்பந்தமாக ஆறு கம்பெனிகளுக்கு மத்திய வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஐரோப்பாவிலும் 2002-ல் வந்த விதிகள், பாகம் செய்பவர் தன் பெயரில் வெளிச்சந்தையில் விற்பதைக் கார் கம்பெனி தடுக்காதபடி வழி செய்தன.

இந்தியாவில் இது பெரிய வழக்காகவே ஆனது. 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகம் செய்து கொடுப்பவர்கள் நேரடியாகக் கடைகளுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுத் தடுத்ததும், வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் பாகமும் தொழில்நுட்பக் கையேடும் கிடைக்காமல் செய்ததும் குற்றம் என்றது ஆணையம். வெளியில் பழுது பார்த்தால் மொத்த வாரண்டியும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்தக் கதை வேறு. ஆனால் "ஒரிஜினல் வெளியே கிடைக்காது சார்" என்று இத்தனை வருடம் மெக்கானிக் சொன்னது அவர் சோம்பேறித்தனம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பில் தெரிந்துபோனது.

அப்படியானால் எது போடுவது?

இரண்டு பேருக்கும் நான் சொன்னதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

1. ஒரிஜினலா, வெளியா என்று கேட்காதீர்கள். செய்தவன் யார், என் இஞ்சினுக்கென்று அவன் குறித்த எண்தானா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் தைரியமாகப் போடலாம்.

2. அமெரிக்காவில், கனடாவில் இருப்பவர்கள்: பெயர் பெற்ற கம்பெனியின் ஃபில்டரைக் கடையில் வாங்கினால் வாரண்டி போகாது. ரசீதையும், எந்தத் தேதியில் எத்தனை மைலில் மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். விலை வித்தியாசம் சில டாலர்தான் என்றால் டீலர் ஃபில்டரையே வாங்கி நிம்மதியாக இருப்பதும் தப்பில்லை. ஆனால் அதை விருப்பத்தால் வாங்குங்கள், பயத்தால் வேண்டாம்.

3. ஊரில் அப்பா அம்மா வீட்டில் கார் நிற்கிறது என்றால்: அங்கே முதல் எதிரி போலி. கம்பெனி டப்பா என்பதால் மட்டும் நம்ப வேண்டாம். அதிகம் போலியாவதே அந்த டப்பாதான். அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். பில் தராத கடையில் ஒரிஜினல் விலை கொடுப்பது இரட்டை நஷ்டம். பழைய ஃபில்டரை ஓட்டை போட்டும், டப்பாவைக் கிழித்தும் எறியச் சொல்லுங்கள். காலி டப்பாவுக்கும் போலிச் சந்தையில் கிராக்கி உண்டு.

4. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் முடுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு நெரிக்க வேண்டாம். இஞ்சினை ஓடவிட்டு அடியில் கசிவு பார்த்த பிறகு கிளம்புங்கள்.

5. தினமும் மலையேறும் வண்டிக்கு கையேட்டில் கடின ஓட்டத்துக்குப் போட்ட கணக்குதான் கணக்கு. நல்ல வெளிக் கம்பெனி ஃபில்டரைச் சரியான நேரத்தில் மாற்றுவது, ஒரிஜினலைப் போட்டுவிட்டு இரண்டு மடங்கு தூரம் இழுப்பதைவிட எவ்வளவோ மேல்.

சித்தப்பா மகன் ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டான். கார் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரின் ஃபில்டரையே அவர் பெயரில் திருப்பதி விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குகிறான். மிச்சமாகும் காசில் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுகிறான். நண்பர் தன் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து ஃபைல் போட்டுவிட்டார். இப்போது தூங்குகிறாராம்.

கடைசியாக ஒரு செய்தி. 2022 செப்டம்பரில் அலிபிரியில் மின்சாரப் பேருந்துகளைக் கொடியசைத்து அனுப்பினார்கள். அவற்றில் இஞ்சின் ஆயிலும் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. முதல் பேருந்து ஏறிய எழுபத்தெட்டு வருடத்தில் அந்த மலையில் இப்படியும் ஒரு வண்டி. அதனால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த பஸ்ஸுக்கும் பிரேக் இருக்கிறது, டயர் இருக்கிறது, கரகம்பாடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பேட்டரியும் இருக்கிறது. சித்தப்பா மகனும் அடுத்து மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணா, அதுல பேட்டரி போயிட்டா கம்பெனிலதான் மாத்தணுமா, வெளியில கிடைக்குமா?"